டைட்டானியம் என்ற பெயரில் எனக்கு விற்கப்பட்ட எஃகு: முக்குளிப்புக் கைக்கடிகாரம் வாங்குவோர் கவனத்திற்கு

டைட்டானியத்தால் ஆனது என்று எழுதி விற்கப்பட்ட ஒரு முக்குளிப்புக் கைக்கடிகாரத்தை வாங்கினேன். அதன் கூடும் பட்டையும் வெறும் எஃகு என்பதை உறுதிசெய்ய எனக்கு ஏறத்தாழ 2 மாதங்கள் ஆயின. அதற்குள் திருப்பி அனுப்புவதற்கான கெடு கடந்துவிட்டது. கெடு முடிவதற்குள்ளேயே வீட்டில் செய்துபார்க்கக்கூடிய ஓர் எளிய அளவீடு உண்டு என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அதை மற்றவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு நிக்கல் ஒவ்வாமை உண்டு. தோல் மருத்துவர் சோதித்து உறுதிப்படுத்தியது. கைக்கடிகாரங்களில் பெரும்பாலும் பயன்படும் 316எல் என்னும் துருப்பிடிக்காத எஃகு வகையில் 10 முதல் 14 விழுக்காடு வரை நிக்கல் கலந்திருக்கிறது. அந்த எஃகு நிக்கலை மிகக் குறைவாகவே வெளிவிடுவதால் பெரும்பாலானோருக்கு அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் கடல்நீரும் வியர்வையும் பின்மூடிக்கு அடியில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும்போது, என்னைப் போன்றவர்களின் தோல் அந்தச் சிறிய அளவையும் பொறுத்துக்கொள்வதில்லை. டைட்டானியத்தை நான் தேடியதற்கு அதன் எடைக்குறைவை விட இதுவே முதன்மையான காரணம்.

விற்பனைப் பக்கத்தில் 'டைட்டானியம்' என்ற சொல் தலைப்பிலேயே பெரிதாக இருந்தது. எந்தத் தரம், எந்தெந்தப் பாகம் என்ற விவரம் எங்கும் இல்லை. நான் கேட்டபோது, விற்பனையாளர் ஒரு காணொளியை அனுப்பினார். அதில் காந்தத்தைக் கூட்டின் மீது வைக்கிறார், அது ஒட்டாமல் வழுக்கி விழுகிறது. நான் அதை ஆதாரமாக ஏற்றுக்கொண்டேன். 316எல் எஃகும் காந்தத்தால் கண்ணுக்குத் தெரியும்படி ஈர்க்கப்படாது என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். ஆகவே காந்தச் சோதனை இந்த இரண்டு உலோகங்களையும் பிரித்துக் காட்டவே காட்டாது. அதை ஆதாரமாக யாராவது முன்வைத்தால், அவருக்கு உலோகம் தெரியவில்லை, அல்லது வாங்குபவருக்குத் தெரியாது என்று அவர் நம்புகிறார்.

மூன்றாவது வாரத்தில் மணிக்கட்டில், பின்மூடி படியும் இடத்தில் வட்டமாகச் சிவந்து அரிப்பெடுத்தது. பட்டையை இறுக்கமாகக் கட்டியிருப்பேன், சோப்பு தங்கியிருக்கும் என்று விற்பனையாளர் கூறினார். நானும் பட்டையைத் தளர்த்தி, ஒவ்வொரு முறை கடலிலிருந்து ஏறியதும் நன்னீரில் கழுவி, இன்னும் சில வாரங்களைக் கழித்துவிட்டேன். அந்தச் சில வாரங்களில்தான் கெடு முடிந்தது.

பிறகு காற்று உருளையின் அடைப்பானில் உரசி, கூட்டின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தது. சாம்பல் நிற மேற்பரப்புக்குக் கீழே வெள்ளி போன்ற பளிச்சென்ற கோடு தெரிந்தது. டைட்டானியத்தின் இயல்பு நிறமே சற்று இருண்ட சாம்பல் என்பதால், அதில் விழும் கீறல் பொதுவாக இவ்வளவு வெண்மையாகப் பளபளப்பதில்லை. மேலே இருந்தது ஒரு பூச்சாக இருக்கலாம் என்ற ஐயம் அப்போது எழுந்தது.

கீறலை மட்டும் வைத்து ஒருவர் மீது குற்றம் சுமத்த நான் விரும்பவில்லை. அதனால் அடர்த்தியை அளந்தேன். டைட்டானியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4.5 கிராம், எஃகுக்கு அது 8 கிராமை ஒட்டி இருக்கும். இவ்வளவு பெரிய வேறுபாட்டைச் சாதாரணத் தராசே காட்டிவிடும். கடிகாரத்தை முழுதாக எடைபோடுவதில் பயனில்லை, ஏனெனில் உள்ளிருக்கும் இயந்திரமும் கண்ணாடியும் காற்றும் கணக்கைக் குழப்பும். பட்டையைக் கழற்றித் தனியாக அளக்க வேண்டும். 0.1 கிராம் வரை காட்டும் தராசில் பட்டையை எடைபோட்டேன்: 71.1 கிராம். பின்னர் ஒரு குவளை நீரைத் தராசின் மீது வைத்து, அளவைச் சுழியமாக்கி, பட்டையை நூலில் கட்டி, அடியையோ பக்கங்களையோ தொடாமல் நீருக்குள் முழுவதும் தொங்கவிட்டேன். அப்போது தராசு காட்டுவது பட்டை இடம்பெயர்த்த நீரின் எடை. கண்ணிகளுக்கிடையே ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்களை ஆட்டி வெளியேற்றுவது மிக முக்கியம். முதல் முறை அதைச் செய்யாததால் எனக்கே தவறான எண் வந்தது. குமிழ்கள் போன பிறகு தராசு 9.0 கிராம் காட்டியது. 71.1ஐ 9.0ஆல் வகுத்தால் 7.9. டைட்டானியமாக இருந்திருந்தால் அதே எடையுள்ள பட்டை 16 கிராமுக்கு நெருக்கமாக நீரை இடம்பெயர்த்திருக்கும்.

கூட்டையும் பின்மூடியையும் எக்ஸ் கதிரால் உலோகக் கலவையை அறியும் கருவியில் காட்டினேன். பூச்சு உரிந்த இடத்திலும் பின்மூடியிலும் இரும்பும் குரோமியமும் நிக்கலும் முதன்மையாக வந்தன. பூச்சு இருந்த இடத்தில் அவற்றோடு சிறிது டைட்டானியமும் தெரிந்தது. விற்பனையாளர் இதைத்தான் பற்றிக்கொண்டார்: டைட்டானியம் நைட்ரைடு, டைட்டானியம் கார்போநைட்ரைடு போன்ற கடினப் பூச்சுகள் உண்மையிலேயே டைட்டானியம் கலந்தவை, ஆகவே தாம் எழுதியதில் பொய் எதுவும் இல்லை என்றார். அத்தகைய பூச்சுகள் நல்லவைதான். எஃகின் மீதும் டைட்டானியத்தின் மீதும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பூச்சின் பெயரைச் சொல்லி முழுக் கடிகாரத்தையும் விற்பது ஏமாற்று என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அவருக்கு நான் வாங்குவதற்கு முன்பே என் ஒவ்வாமையைப் பற்றி எழுதியிருந்தேன் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

எஃகைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. ஒவ்வாமை இல்லாதிருந்தால் நான் எஃகையே வாங்கியிருக்கக்கூடும். நீரழுத்தத்தைத் தாங்குவதில் உலோகத்தின் பெயரைவிட இரப்பர் வளையங்களும், நேரம் திருத்தும் குமிழைத் திருகி மூடும் அமைப்பும் (திருகு கிரௌன்), கண்ணாடியின் தடிமனும் பெரிய பங்கு வகிக்கின்றன. எஃகைத் தேய்த்து மெருகேற்றுவதும் எளிது. கடல்நீரில் டைட்டானியம் அரிக்கப்படுவதே இல்லை எனலாம்; எஃகில், நன்னீரில் கழுவாமல் விட்டால், கண்ணிகளின் இடுக்குகளில் உப்பு தங்கிப் புள்ளிப் புள்ளியாக அரிப்பு தொடங்கலாம். டைட்டானியத்திலும் தரம் ஒன்றல்ல: கலப்பில்லாத 2ஆம் தரம் எளிதில் கீறல்படும், 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த 5ஆம் தரம் அதைவிட மிகக் கடினமானது. டைட்டானியத் திருகுமரைகள் ஒன்றோடொன்று உரசும்போது பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. கூடு டைட்டானியமாகவும் பின்மூடி எஃகாகவும் இருக்கும் கடிகாரங்களும் விற்பனையில் உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்லி விற்பதில் தவறில்லை. ஆனால் தோலைத் தொடுவது பின்மூடிதான் என்பதால் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

ஆகவே பணம் செலுத்துவதற்கு முன் கூடு, பின்மூடி, பட்டை, கொக்கி ஆகிய ஒவ்வொன்றும் எந்த உலோகம், எந்தத் தரம் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். 'டைட்டானியம் நிறம்', 'டைட்டானியம் பூச்சு' என்ற சொற்கள் எங்கிருந்தாலும் அடியில் இருக்கும் உலோகம் எதுவென்று கேளுங்கள். கைக்கு வந்த அன்றே பட்டையைக் கழற்றி நீரில் அளந்துவிடுங்கள். கால் மணி நேர வேலை.

விற்பனையாளர் பாதித் தொகையைத் தருவதாகச் சொன்னார். நான் மறுத்த பிறகு பதிலே இல்லை. அட்டை வழங்கிய வங்கியிடம் கருவியின் அறிக்கையோடு முறையீடு செய்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. இதற்கிடையில், நான்கு பாகங்களுக்கும் 5ஆம் தரம் என்று எழுதிக் கொடுத்த வேறொருவரிடம் மற்றொரு கைக்கடிகாரத்தை வாங்கினேன். பெட்டியைத் திறந்த அன்று மாலையே பட்டையை அளந்தேன்: காற்றில் 40.8 கிராம், நீரில் இடம்பெயர்த்தது 9.2 கிராம். வகுத்தால் 4.4.