ரெட் பேர்ட் பாட்டுத் தொகுப்பு: ஒரு மாதமாய்க் கேட்கிறேன்

லண்டன் சித்தப்பா கொண்டுவந்து தந்த இசைத்தட்டு. நியூயோர்க்கில் 1964இல் தொடங்கின ரெட் பேர்ட் இசைத்தட்டுக் கொம்பனி இரண்டு வருசம்தான் நிண்டது. ஆனால் முதல் வெளியீடே, டிக்ஸி கப்ஸின் ‘சாப்பல் ஒஃப் லவ்’, அமெரிக்காவில் முதலிடம்! நியூ ஓர்லியன்ஸ் பெட்டையள் மூண்டு பேர். குரல் ஒண்டோடொண்டு பின்னி வரும்.

எனக்கு உயிர் ஷங்ரி-லாஸ் எண்ட பெட்டையள் குழுதான். ‘ரிமெம்பர்’ பாட்டில் கடற்பறவை கத்தேக்கை கசூரினாக் கடற்கரையில் தனிய நிண்ட மாதிரி நெஞ்சு கனக்கும். ‘லீடர் ஒஃப் த பக்’கில் மோட்டார்சைக்கிள் உறுமினவுடனே அம்மம்மா படலையடிக்குப் போய்ப் பாத்தா, ஆரோ வருகினமெண்டு.

இரண்டாம் பக்கத்தில் ஒரு இடத்தில் ஊசி துள்ளுது. உறையில் பாடினவையின் விபரமும் காணாது. எண்டாலும் ஜெஃப் பாரி, எல்லி கிரீனிச் எழுதின பாட்டுகளுக்காகவே வாங்குங்கோ.