டேங்கில் காற்று நிற்கவில்லை: ஆறு வருட ஏர் பிரேக் அனுபவம்

போன வாரம் என் கார் பிரேக்கின் செக் வால்வை (காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) மாற்றி முடித்த அன்றே நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "மோட்டார் ஹோம் (வீடு மாதிரி வசதியுள்ள வண்டி) பின்னால் காரைக் கட்டி இழுக்கப் போகிறேன். நீங்கள் போட்டிருக்கும் ஏர் பிரேக்கையே நானும் போடலாமா?" அப்போது என் கையில் வால்வுக்குள்ளிருந்து வந்த வெளிறிய சேறு இன்னும் ஒட்டியிருந்தது.

பிரேக் பிடிக்கும் விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மோட்டார் ஹோமில் பெடலை மிதித்தால், அதன் பிரேக்கை இயக்கும் அதே காற்று ஹோஸ் வழியாகக் காருக்குப் போய் ஒரு சின்ன சிலிண்டரை இயக்குகிறது; சிலிண்டர் கேபிளால் கார் பெடலை இழுக்கிறது. மெல்ல மிதித்தால் காரும் மெல்லப் பிடிக்கும், அழுத்தி மிதித்தால் அழுத்திப் பிடிக்கும். நீளமான இறக்கத்தில்கூட பின்னால் கார் தள்ளுவதாக ஒருமுறையும் தோன்றியதில்லை. வேறு வகை பிரேக்குகளில் போல ஒவ்வொரு தடவையும் கார் பெடல் முன்னால் பிரேக் பெட்டியைத் தூக்கி வைத்து மாட்டுகிற வேலையும் கிடையாது. ஹோஸை மாட்டினால் சரி.

என் கோபமெல்லாம் காரில் இருக்கும் அந்தச் சின்ன ஏர் டேங்க் மேல்தான். ஓடும்போது கார் கழன்றுவிட்டால், மோட்டார் ஹோமோடு கட்டிய கம்பி, காரில் இருக்கும் அவசர பிரேக் சுவிட்சின் பின்னை உருவும். டேங்கில் சேர்ந்திருக்கும் காற்றுதான் பிரேக்கைப் பிடித்துக் காரை நிறுத்த வேண்டும். உள்ளே போன காற்று திரும்பாமல் காப்பது செக் வால்வு. அதன் இருக்கையில் துளி அழுக்கு உட்கார்ந்தால் போதும், ஹோஸ் அறுந்ததுமே டேங்க் காலி. ஆனால் தினசரி பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும், கார் பிரேக் பிடிப்பதைக் காட்டும் டாஷ்போர்டு விளக்கும் ஒழுங்காக எரியும். கோளாறு வெளியே தெரியவே தெரியாது.

எனக்குத் தெரிந்தது இப்படித்தான்: மோட்டார் ஹோமில் 120 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றி, பிரேக்கைச் சில முறை மிதித்து, ஹோஸைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். அப்புறம் பின்னை உருவினேன். பெடல் அசையவில்லை. எத்தனை பயணம் அப்படியே போயிருக்கிறோம் என்று யோசித்து அன்றிரவு தூக்கம் வரவில்லை.

வால்வுக்குள் இருந்தது தண்ணீரும் கம்ப்ரஸர் எண்ணெயும் கலந்த குழம்பு. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜை மாற்றாமல் தள்ளிப்போட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டேங்கைப் பொருத்தியவர் வடிகால் திருகைப் பக்கவாட்டில் விட்டிருக்கிறார். தண்ணீர் அடியில் தேங்குகிறது, திருகோ அதற்கு மேலே! கை போகவும் இடமில்லை. டேங்கைக் கால் சுற்று திருப்பி மாட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். இதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

இப்போது ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அந்தப் பின் சோதனையைச் செய்கிறேன். ஹோஸைக் கழற்றியதும் ஹோஸ் மாட்டும் கப்ளிங் இரண்டுக்கும் மூடி போடுகிறேன், இல்லாவிட்டால் சாலைத் தூசி நேராக வால்வுக்குத்தான் போகும். கப்ளிங்கின் ஓ-ரிங்கில் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறேன். முதல் நிறுத்தத்தில் கார் சக்கரங்களுக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் விடாமல் உரசுகிறது என்று அர்த்தம்.

நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் காரில் டேங்கைக் கழற்றி, திருகு அடியில் வருகிற மாதிரி மாட்டியாயிற்று. அடுத்த பயணமும் இதோடுதான்.