பிளாக் பாக்ஸ் அரங்கில் பார்வையாளர் எங்கே உட்கார்வது?

நாடகத் துறைக்குப் புது அரங்கு கட்டும் பல்கலைக்கழகங்கள் பலவும் ‘பிளாக் பாக்ஸ்’ பக்கம் சாய்கின்றன. கருப்புச் சுவர்கள், சமமான தரை, நிலையான மேடை கிடையாது. இருக்கை என்று வரும்போதுதான் கருத்து பிரிகிறது.

முதல் வழி, எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விடுவது. 1960இல் ஹார்வர்டில் திறந்த லோப் நாடக மையம் இதற்குப் பேர்போனது. அரங்கப் பொறியாளர் ஜார்ஜ் ஐசனவரின் அமைப்பில் முன்பகுதி இருக்கைகளே இடம்மாறும்; ஒரு பக்கமிருந்து மட்டுமே பார்க்கும் படச்சட்ட மேடையை மூன்று பக்கமிருந்து பார்க்கும் மேடையாக மாற்றலாம். அபாரமான பொறியியல்தான். ஆனால் பொறியாளர் யோசித்து வைத்த வடிவங்கள் மட்டுமே அதில் கிடைக்கும்.

இரண்டாவது, சுவரோரம் மடங்கி, இழுத்தால் படிப்படியாக விரியும் இருக்கை வரிசை. சீக்கிரம் விரியும், முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. ஆனால் அது எப்போதும் ஒரே திசையைத்தான் பார்க்கும். நாளாக ஆக யாரும் மடக்க மாட்டார்கள். அரங்கு சாதாரண ஹாலாகிவிடும்.

மூன்றாவதுதான் என் தேர்வு: தனி நாற்காலிகளும், நாலுக்கு எட்டு அடி மரத் தளங்களும். உயரம் வேண்டுமா, தளத்தின் கால்களை மாற்றிப் பொருத்தினால் போதும். போலந்து நாடக இயக்குநர் குரோட்டோவ்ஸ்கி 1963இல் ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ நாடகத்துக்குப் பார்வையாளர்களை நீண்ட மேசைகளைச் சுற்றி விருந்தாளிகளாக உட்காரவைத்தார். நடிகர்கள் அந்த மேசைகள் மேலேயே நடித்தார்கள். ஒரு மாணவிக்கு அப்படியொரு யோசனை வந்தால், சாயங்காலமே நாலு நண்பர்களோடு தளங்களை நகர்த்திப் பார்த்துவிடலாம்.

இதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு தடவையும் ஆள்பலம் வேண்டும். வரிசை நாற்காலிகளை ஒன்றோடொன்று கோக்க வேண்டும், வெளியேறும் வழியில் எதுவும் நிற்கக்கூடாது. எல்லாவற்றையும் விட, பக்கத்திலேயே பெரிய சேமிப்பு அறை வேண்டும். வரைபடத்தில் இடம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது அந்த அறைதான். அப்புறம் தளங்கள் அரங்குக்குள்ளேயே அடுக்கப்பட்டு, பாதித் தரை போய்விடும். தயவுசெய்து அதை வெட்ட விடாதீர்கள்.

இருக்கை நகர்ந்தால் விளக்கும் நகர வேண்டும். மேலே விளக்குகளை மாட்ட வெறும் குழாய்ச் சட்டம் மலிவு. ஆனால் ஒவ்வொரு விளக்கையும் திருப்ப ஏணி ஏற வேண்டும், தரையில் ஒத்திகை நிற்கும். இறுக்கிக் கட்டிய எஃகுக் கம்பி வலை என்றால், மாணவர்கள் அதன்மேல் நடந்துகொண்டே வேலை பார்க்கலாம்; ஒளி வலையைத் தாண்டிக் கீழே விழும். இருக்கை இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தை இந்த வலைக்குத் திருப்புங்கள்.