மூன்று நாள் ‘அழைப்பு’ முகாம்: பிள்ளைகளை அனுப்பலாமா?

குளச்சல் பக்கம் கடலோரத்தில் மே விடுமுறையில் நடக்கிற வாலிபர் முகாம் இது. 13 முதல் 18 வயது வரை சேர்க்கிறார்கள். தேவன் கூப்பிடுவதை எப்படி அறிவது, எப்படிக் கீழ்ப்படிவது என்பதுதான் மூன்று நாளும் பொருள். அனுப்பலாமா என்று கேட்கிற பெற்றோருக்கும் ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) ஆசிரியர்களுக்கும் பதில்: தாராளமாக அனுப்பலாம். ஆனால் கடைசி இரவைப் பற்றித் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

முகாமின் உயிர் முதல் நாள் காலை. சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் இரவில் கூப்பிடுகிற 1 சாமுவேல் 3-ஐ எடுத்தால் “சொல்லும், அடியேன் கேட்கிறேன்” என்பதை மனப்பாடம் செய்யவைத்து முடித்துவிடுவது நம் வழக்கம். இங்கே அவனோடிருந்த வயதான ஆசாரியர் ஏலியைப் பற்றி நிதானமாகப் பேசுகிறார்கள். சாமுவேல் ஒவ்வொரு முறையும் ஏலிதான் கூப்பிட்டார் என்று தவறாகப் புரிந்துகொண்டு அவரிடம் ஓடிவருகிறான். மூன்றாம் முறைதான் ஏலிக்கே விஷயம் பிடிபடுகிறது. அப்போதும் ஏலி “போய்ப் படுத்துக்கொள்” என்கிறார். தேவன் என்ன சொல்லப்போகிறார் என்று இவராக ஊகித்துச் சொல்வதில்லை. தவறிக் கேட்ட பையனைக் கர்த்தர் விட்டுவிடாமல் திரும்ப வந்து கூப்பிட்டார். பிளஸ் டூ முடித்து என்ன எடுப்பது என்று குழம்பி நிற்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய தைரியம்!

அதன்பின் 20 நிமிடம் அமைதி வேளை. ஃபோன்களைத் துணிப்பையில் வாங்கிவைத்து, ஆளுக்கொரு தாள் கொடுக்கிறார்கள். அதில் மூன்று கட்டம்: மனதில் பட்டது என்ன, வசனத்தோடு ஒத்துப்போகிறதா, இந்த வாரமே செய்யவேண்டிய சிறிய கீழ்ப்படிதல் எது. மூன்றாம் கட்டத்தில்தான் பேனா தயங்கி நிற்கும். ‘அம்மா பர்ஸில் எடுத்த 200 ரூபாயைத் திருப்பி வைக்கணும்’ என்கிற மாதிரி ஒரு வரி வந்துவிட்டால் அந்தத் தாள் வேலை செய்கிறது என்று அர்த்தம். ‘உலகம் முழுதும் சுவிசேஷம் சொல்லணும்’ என்று எழுதினால், குழுத் தலைவர் அண்ணனோ அக்காவோ தாளைத் திருப்பிக் கொடுத்து, செவ்வாய்க்கிழமை என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி.

இரண்டாம் நாள் வேன் பயணம். முதலில் மயிலாடி. சிதம்பர யாத்திரை போன இந்த ஊர்க்காரர் வேதமாணிக்கம் தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டுத் திரும்பியதும், மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் வரும்வரை ஊரில் காத்திருந்ததும் காத்திருத்தலுக்கான பாடம். அடுத்து ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம் பிள்ளை 1752-ல் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் சேர்ந்தே ஏறுகிறார்கள், நல்ல காரியம். குறை என்றால் போகிற நேரம்தான்: பத்து மணி வெயிலில் பாறை கொதிக்கிறது. ஆறரைக்கே அங்கே இருக்கவேண்டும்.

இனி அந்தக் கடைசி இரவு. பத்தரை மணி, விளக்கு மங்கல், கீபோர்டு மெல்ல வாசிக்கிறது, “முழுநேர ஊழியத்துக்கு அர்ப்பணிக்கிறவர்கள் எழும்புங்கள்” என்கிறார்கள். இரண்டு இரவு சரியாகத் தூங்காத பிள்ளைகள். ஒருத்தி எழுந்தால் பக்கத்துத் தோழியும் எழுவாள். ஜூனில் பள்ளி திறந்து டியூஷன் தொடங்கியதும் அந்த உணர்ச்சி வற்றிவிடும். பிறகு தேவனையே ஏமாற்றிவிட்டோமே என்ற குற்ற உணர்வு பிடித்துக்கொள்ளும், சபைக்கு வருவதே குறையும். முதல் நாள் ‘போய்ப் படுத்துக்கொள்’ என்று கற்றுக்கொடுத்தவர்களே மூன்றாம் இரவு தூங்கவிடாமல் தீர்மானம் கேட்பது மனதை வருத்துகிறது. இதை மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பின் வைக்கலாம். எழும்பச் சொல்லாமல் அட்டையில் எழுதவைத்து, உறையில் ஒட்டி, 40 நாள் கழித்து சொந்தச் சபைப் போதகரோடு உட்கார்ந்து பிரிக்கச் சொல்லலாம். இப்போது தொடர் கவனிப்பாக வருவது ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும்.

ஊழியம் என்றால் மேடை மட்டுமே என்ற எண்ணமும் அந்த இரவில் ஒட்டிக்கொள்கிறது. நெய்யூரில் மிஷனரி மருத்துவப்பணி தொடங்கியது 1838. அந்த ஊருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நர்சிங் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்குத் தன் அழைப்பு அங்கேயே தெரியும்.

வீட்டில் எதிர்ப்பு வந்தால் என்ன செய்வது என்ற பாடம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. 12 வயதில் ஆலயத்தில் பேசிய இயேசு, பெற்றோரோடு நாசரேத்துக்குப் போய்க் கீழ்ப்படிந்திருந்தார் என்ற லூக்கா 2-ஐ இன்னும் நிதானமாகப் பேசவேண்டும்.

பாதுகாப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தலைவர். தனி ஆலோசனை எல்லாம் திறந்த வராந்தாவில்தான். “கர்த்தர் உன்னைப்பற்றி எனக்குச் சொன்னார்” என்று எந்தத் தலைவரும் பேசக்கூடாதென்று முதலிலேயே அறிவிக்கிறார்கள். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்குழம்பும் வயிறு நிறையக் கிடைக்கிறது.

பதினைந்துக்குக் கீழே உள்ளவர்களை அடுத்த ஆண்டுக்கு விடுங்கள். போகிறவர்களுக்கு வேதாகமம், நோட்டு, தொப்பி, பாறையில் வழுக்காத ஷூ கொடுத்தனுப்புங்கள். கடைசி நாள் மதியமே போய்க் கூட்டிவந்து, அன்றிரவு நன்றாகத் தூங்கவிட்டு, மறுநாள் அந்த மூன்று கட்டத் தாளைக் காட்டச் சொல்லாமல், மூன்றாம் கட்டத்துக்கு உதவி வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள்.