பித்தப்பை அழற்சி: உடனே அறுவையா, ஆறு வாரம் பொறுப்பதா?

அம்மாவுக்கு வலி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. வாயுத் தொல்லைதான் என்று சொல்லிக்கொண்டே, வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்தி வைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். காலையில் காய்ச்சல் வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்தவர் அந்த இடத்தில் கருவியை வைத்து, "மூச்சை நன்றாக இழுங்கள் அம்மா" என்றார். பாதியிலேயே மூச்சு நின்றுபோனது. வீங்கிய பித்தப்பை கருவியின் அழுத்தத்தில் வந்து இடிக்கும்போது அப்படித்தான் நிற்குமாம். மருத்துவர்கள் அதை மர்ஃபி அறிகுறி என்கிறார்கள். பித்தப்பையின் கழுத்தில் கல் சிக்கியிருந்தது. 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய சுவர் 6 மில்லிமீட்டர் தடித்திருந்தது.

அன்று மாலையே எங்கள் முன் இரண்டு வழிகளை வைத்தார்கள். இந்த அட்மிஷனிலேயே பித்தப்பையை எடுத்துவிடுவது ஒன்று. ஆன்டிபயாடிக் கொடுத்து வீக்கத்தை அடக்கி வீட்டுக்கு அனுப்பி, ஆறு வாரம் கழித்து வந்து எடுத்துக்கொள்வது மற்றொன்று. நாங்கள் முதல் வழியில் போனோம். இதே நிலையில் மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

இரண்டுக்கும் பொதுவானவற்றில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எப்படியானாலும் முதல் நாள் வாய்வழியாக எதுவும் கிடையாது; ட்ரிப்ஸ், வலிக்கு ஊசி, ஆன்டிபயாடிக். எப்படியானாலும் பித்தப்பை போகத்தான் போகிறது. அது இல்லாமல் வாழ முடியும். கல்லீரல் சுரக்கும் பித்தநீர் நேராகக் குடலுக்குப் போய்விடும். லேப்ராஸ்கோபியில் நான்கு சிறு துளைகள்தான். கேள்வி எப்போது என்பது மட்டுமே.

பொறுத்திருக்கலாம் என்பவர்களின் வாதம் வெறும் பயத்தில் பிறந்ததல்ல. வீங்கிச் சிவந்த இடத்தில் கத்தி வைத்தால் ரத்தம் கசியும், எது எந்தக் குழாய் என்று பிரித்தறிவது கடினம், பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தக்குழாயில் காயம் பட்டுவிடலாம். அந்தக் காயம் ஆயிரத்தில் சிலருக்கே நேர்கிறது; ஆனால் நேர்ந்துவிட்டால் பெரிய சிகிச்சை. என் தம்பி இதைத்தான் பிடித்துக்கொண்டான். இரண்டாம் நாள் காலையில் அம்மாவின் வலி வெகுவாகக் குறைந்திருந்தது. "குறைந்துகொண்டுதானே வருகிறது அண்ணா, ஆறட்டுமே" என்றான். எனக்கும் மனம் அந்தப் பக்கம் சாயத்தான் செய்தது.

எங்களைத் திருப்பியது அறுவை மருத்துவர் சொன்ன ஒரு விளக்கம். அழற்சி 'ஆறுவது' என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது அல்ல என்றார். முதல் சில நாட்களில் அந்த இடம் நீர் கோத்து ஊறியிருக்கும். திசுக்கள் ஒன்றிலிருந்து ஒன்று எளிதாகப் பிரிந்து வரும். நாட்கள் போகப்போக அங்கே புது ரத்தக்குழாய்கள் முளைத்து எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் பிறகு தழும்பாக இறுகும். ஆறு வாரம் கழித்துத் திறந்தால் மென்மையான இடம் காத்திருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. 2013இல் வெளியான ஏ.சி.டி.சி. ஆய்வில் 618 நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 24 மணி நேரத்துக்குள் அறுவை. மற்றொன்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து 7ஆம் நாளிலிருந்து 45ஆம் நாளுக்குள். சிக்கல்கள் முதல் குழுவில் 11.8 சதவீதம், இரண்டாவதில் 34.4. மருத்துவமனையில் இருந்த நாட்களும் ஏறக்குறைய பாதிதான். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் நோய் கண்டறிந்த ஒரு வாரத்துக்குள் எடுக்கச் சொல்கிறது. வலி தொடங்கி 72 மணி நேரம் தாண்டினால் தொடக் கூடாது என்ற பழைய கணக்கை, நோயாளி தாங்குவார் என்றால், 2018ஆம் ஆண்டு டோக்கியோ வழிகாட்டுதல் வற்புறுத்துவதில்லை.

ஆனால் எனக்கு முடிவைத் தந்தது இந்த எண்கள் அல்ல. அந்த ஆறு வாரம். இரண்டு வழிகளையும் ஒப்பிடுகிறவர்கள் அறுவையையும் அறுவையையும் ஒப்பிடுகிறார்கள். நடுவில் கிடக்கும் நாற்பது நாளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் சித்தப்பாவுக்கு இதே நோய் வந்தது. அவர் பொறுத்திருக்கும் வழியைத் தேர்ந்து எங்கள் வீட்டில் தங்கினார். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒவ்வொரு ஏப்பத்துக்கும் நெஞ்சில் கை வைப்பார். மாற்றுத் துணியும் ரிப்போர்ட்டுகளும் அடங்கிய பை கதவோரம் எப்போதும் தயாராக இருக்கும். எண்ணெய் துளி பட்டுவிட்டதா என்று தட்டை உற்றுப் பார்ப்பார். பயத்தில் பாதி வயிறுதான் சாப்பிடுவார். நான்கு வாரத்தில் உடம்பு பாதியாகிவிட்டது. இரவில் அவரைத் தனியாக விட எங்களுக்குத் துணிவில்லை. சித்தியும் நானும் முறைவைத்துக் கண்விழித்தோம். ஐந்தாவது வாரம் நள்ளிரவில் வலி மறுபடி வந்தது. தள்ளிப்போட்டுத் தவிர்க்க நினைத்த அவசர அறுவையே கடைசியில் நடந்தது. அதுவும் சிறுதுளையில் முடியாமல் வயிற்றைத் திறந்து.

இது ஒருவருக்கு நேர்ந்த துரதிருஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2013ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பாய்வில், காத்திருக்க வைக்கப்பட்டவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்குக் குறித்த நாளுக்கு முன்பே அவசர அறுவை தேவைப்பட்டிருக்கிறது. ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. எழுபத்தொரு வயது, பதினைந்து வருடச் சர்க்கரை நோய். அம்மாவை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தம்பியிடம் சித்தப்பாவின் பையை நினைவூட்டினேன். அதன்பிறகு அவன் பேசவில்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்குத் தோல் வழியாகப் பித்தப்பைக்குள் ஒரு மெல்லிய குழாயைச் செருகித் தேங்கியதை வெளியேற்றுவார்கள். வீட்டில் வைத்துப் பார்த்த அனுபவம் எங்களுக்கு இல்லை. அடுத்த கட்டில் பெரியவருக்கு இருந்ததை மூன்று நாள் பார்த்தது மட்டுமே. சட்டையோடு ஊக்கு குத்திய பையில் கரும்பச்சையாகப் பித்தநீர் சொட்டும். குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க சலைன் செலுத்திக் கழுவுவார்கள். புரண்டு படுக்கும்போது குழாய் இழுபட்டுவிடும் என்று அவருடைய மகள் இரவெல்லாம் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் அப்படி வைத்திருக்க வேண்டும். அதிக ஆபத்துள்ள 142 நோயாளிகளிடம் குழாயையும் அறுவையையும் ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வில், பெரும் சிக்கல்கள் அறுவைக் குழுவில் 12 சதவீதம், குழாய்க் குழுவில் 65 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். ஆனாலும், உயிர் ஊசலாடும் அளவுக்கு நிலை மோசமானவர்கள் அந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்குக் குழாய்தான் காப்பாற்றும் என்று மருத்துவர் சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

அதேபோல, அம்மாவுக்கு அண்மையில் மாரடைப்பு வந்திருந்தால், அல்லது இதயத்தில் புதிதாக ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நிறுத்த முடியாத நிலை இருந்தால், நான் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க மாட்டேன். மயக்க மருந்து நிபுணர் இதயத்தைச் சோதித்துச் சரி என்ற பிறகுதான் நாங்கள் கையெழுத்திட்டோம்.

கையெழுத்துக்கு முன் இரண்டைக் கேட்டுத் தெளிந்துகொண்டோம். பொதுப் பித்தக்குழாயில் கல் இறங்கியிருக்கிறதா? ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கூடியிருந்தாலோ கண் மஞ்சளாக இருந்தாலோ பித்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுப்பார்கள், கல் இருந்தால் பெரும்பாலும் வாய்வழியாகக் குழாய்க் கருவியை இறக்கிச் செய்யும் இ.ஆர்.சி.பி. மூலம் அதை முதலில் எடுத்தாக வேண்டும். அடுத்து, இதைச் செய்யப்போவது யார்? உடனே என்றால் நள்ளிரவிலேயே என்று பொருள் இல்லை. சீழ் உடையும் நிலையில் இல்லாதவரை, இந்த அறுவையை வாராவாரம் செய்கிற மருத்துவரும் அவருடைய குழுவும் இருக்கும் காலை நேரம் மேல். நாங்கள் அந்த ஓர் இரவு பொறுத்தோம்.

அறுவை ஒன்றேமுக்கால் மணி நேரம் நடந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். துளைகளைவிட வலது தோள்பட்டைதான் அவரை வாட்டியது. வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. இரண்டு நாளில் போய்விட்டது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அன்றிரவு இதயமோ என்று பதறியிருக்க மாட்டோம்.

எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்; அந்த ரிப்போர்ட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குப் பத்தாம் நாள் தையலைப் பார்க்கப் போனபோது கிடைத்தது. பித்தப்பைச் சுவரின் ஒரு பகுதி ரத்த ஓட்டமின்றி அழுகத் தொடங்கியிருந்தது என்று எழுதியிருந்தது. திசு செத்துவிட்டால் வலி குறைந்ததுபோல் தோன்றும், சர்க்கரை நோயாளிகளுக்கு வலி முழுதாகத் தெரியவும் தெரியாது என்றார் மருத்துவர். இரண்டாம் நாள் காலை அம்மாவின் வலி குறைந்ததை வைத்துத்தான் தம்பியும் நானும் வீட்டுக்குப் போய்விடலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.