சிங்கப்பூர் அரசுப் பள்ளியில் "இடம் உறுதி" என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு இடம் வாங்கித் தருவதாக யார் சொன்னாலும், அவர் எவ்வளவு வேண்டியவராகத் தெரிந்தாலும், ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) கொடுக்காதீர்கள். அந்த இடத்தைத் தரும் அதிகாரம் கல்வி அமைச்சைத் தவிர எவருக்கும் கிடையாது. எங்களிடம் 5,200 வெள்ளி வாங்கிக்கொண்ட ஒரு பெண், என் மகன் தொடக்கப்பள்ளியில் சேரும் வழியையே அடைத்துவிட்டார். பணம் திரும்பினாலும் அது திரும்பாது.

என் கணவர் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இங்கே வேலைக்கு வந்தார். கோயம்புத்தூரில் நான்காம் வகுப்பு முடித்த மகனோடு நான் ஜூன் மாதம் வந்து சேர்ந்தேன். நம் ஊரில் அது பள்ளி திறக்கும் மாதம். இங்கே அரசுப் பள்ளிகளின் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பன்னாட்டுப் பள்ளிகள் பல ஆகஸ்டில் தொடங்குகின்றன. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் சில ஏப்ரலிலேயே தொடங்கியிருக்கும். பெரிய பன்னாட்டுப் பள்ளிகளின் கட்டணம் ஆண்டுக்கு 30,000 வெள்ளியைத் தாண்டும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் குறைவுதான், ஆனாலும் நடுத்தரச் சம்பளத்துக்கு அது பெரிய பாரம். கணவரின் நிறுவனம் பள்ளிக் கட்டணத்துக்கு எதுவும் தரவில்லை. (வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இதைக் கேட்டு வாங்குங்கள். வந்த பிறகு கேட்டால் காது கொடுக்க ஆள் இருக்காது.)

பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், எந்தப் பள்ளியின் கதவும் உடனே திறக்கவில்லை என்ற அந்த இடைவெளியைத்தான் இடம் வாங்கித் தருவதாகச் சொல்பவர்கள் குறிவைக்கிறார்கள்.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மாடியறையில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். நன்றாகத் தமிழ் பேசினார், திருச்சிப் பக்கம் என்றார். "அக்கா, தம்பியைப் பார்த்தாலே தெரிகிறது, கெட்டிக்காரன். தெம்பனிஸில் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இடம் வாங்கித் தருகிறேன். அமைச்சில் எங்களுக்கு ஆள் இருக்கிறது. விண்ணப்பம் எல்லாம் நாங்களே போட்டுவிடுவோம், நீங்கள் நிம்மதியாக இருங்கள்" என்றார். ஊரை விட்டு வந்து யாரையும் தெரியாமல் இருப்பவளிடம் "அக்கா" என்று சொல்லி ஏமாற்றியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உண்மை நிலவரம் இதுதான். வெளிநாட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர ஏ.இ.ஐ.எஸ். என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. ஆங்கிலமும் கணிதமும் எழுத வேண்டும். தொடக்கநிலை 2 முதல் 5 வரையும் (இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு), உயர்நிலை 1 முதல் 3 வரையும் (ஏழு முதல் ஒன்பது) இதன் வழியே சேரலாம். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தேர்வு நடக்கும். இடம் கிடைத்தால் அடுத்த ஜனவரியில் பள்ளி. விண்ணப்பம் இணையத்தில் ஜூலை வாக்கில் திறக்கும், பெற்றோரே போடலாம். நன்றாக எழுதினாலும் இடம் காலியாக இருந்தால்தான் கிடைக்கும், எந்தப் பள்ளி என்பதையும் அமைச்சுதான் முடிவு செய்யும். தெம்பனிஸில் இடம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எங்களுக்குத் தந்த ரசீதை இப்போது மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். "வகுப்புக் கட்டணம்" 1,400. "பள்ளி ஒதுக்கீட்டுச் சேவை" 2,600. "நிர்வாகமும் ஆவணமும்" 1,200. இந்தப் பிரிப்பில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. இங்கே பதிவு பெற்ற தனியார் கல்வி நிலையங்களில், எடுடிரஸ்ட் என்ற தரச் சான்றிதழ் உள்ளவற்றுக்குக் கட்டணப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று உண்டு. நிலையம் மூடிவிட்டாலும் மாணவரின் பணம் போகாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு பாடக் கட்டணத்துக்கு மட்டுமே. விண்ணப்பக் கட்டணம், முகவர் கட்டணம் போன்றவை அதில் வராது. ஆகவே பெருந்தொகையை "சேவை" என்ற தலைப்பில் எழுதி வாங்கிவிடுகிறார்கள். எங்கள் விஷயத்தில் அந்தச் சிறிய தொகைக்கும் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் அது பதிவு பெற்ற கல்வி நிலையமே இல்லை. ரசீதில் இருந்த வணிகப் பதிவு எண்ணை வைத்துத் தேடியபோது, "வணிக ஆலோசனை" நிறுவனம் என்று வந்தது. முழுநேர நுழைவுத் தேர்வு வகுப்பு நடத்த, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் கீழுள்ள தனியார் கல்விக் குழுவிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை.

ஜூலை முழுவதும் மகன் அந்த மாடியறைக்குப் போனான். வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்து, நகலெடுத்த கணக்குத் தாள்களைக் கொடுத்துவிட்டு, கற்பிப்பவர் கைப்பேசியில் இருப்பாராம். தேர்வுக்கான அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டபோதெல்லாம் "அடுத்த வாரம் வந்துவிடும் அக்கா" என்ற ஒரே பதில். கடைசியில் என் கணவர் அமைச்சையே தொடர்புகொண்டார். மகனின் பாஸ்போர்ட் எண்ணில் விண்ணப்பமே பதிவாகவில்லை. அதற்குள் விண்ணப்பம் மூடிவிட்டது.

கடுமையாகக் கேட்டதும் அந்தப் பெண் தயங்கவே இல்லை. "பிப்ரவரி, மார்ச்சில் துணைத் தேர்வு இருக்கிறது, அதில் போட்டுவிடலாம், 800 வெள்ளி மட்டும் கட்டுங்கள்" என்றார். அந்தத் துணைத் தேர்வு தொடக்கநிலை 4 வரைதான். வயதுப்படி ஜனவரியில் என் மகன் தொடக்கநிலை 5-க்கு உரியவன். அதற்கு மறு ஆண்டு தொடக்கநிலை 6, இறுதித் தேர்வு எழுதும் வகுப்பு. அதில் இந்தத் தேர்வின் வழியே சேர்ப்பதில்லை. ஆக அந்த ஒரு ஜூலைதான் அவனுக்கு இருந்த வாய்ப்பு. இனி உயர்நிலை 1-க்குத்தான் எழுத முடியும். இதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் 800 வெள்ளி கேட்டார்.

இப்போது மகன் ஓர் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறான். பாதி ஆண்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஆசிரியர்கள் அக்கறையாக நடத்துகிறார்கள். செலவைச் சமாளிக்க வீட்டை மாற்றிவிட்டோம்.

பணத்துக்காகச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போனோம். 20,000 வெள்ளி வரையிலான வழக்கை அங்கே எடுப்பார்கள். வழக்கறிஞர் வரக்கூடாது, நீங்களே பேச வேண்டும், இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீதும், "இடம் உறுதி" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும்தான் எங்களுக்குக் கைகொடுத்தன. வாய்ப்பேச்சில் மட்டும் சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆகவே எந்த வாக்குறுதியையும் எழுத்தில் கேளுங்கள். பதிவு பெற்ற நிலையமாக இருந்தால் அரசு வகுத்த மாதிரி ஒப்பந்தத்தைத் தரவேண்டும். கையெழுத்திட்ட ஏழு வேலைநாளுக்குள் மனம் மாறினால் விலக அதில் வழி இருக்கும். எங்களுக்கு நீட்டியது ஒரு பக்க "ஒப்புதல் படிவம்" மட்டுமே.

பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவாகியிருக்கிறது. முதல் தவணை வந்தது, மீதி இன்னும் வரவில்லை. இதற்கிடையே அதே ஆட்கள் புதிய பெயரில், புதிய கைப்பேசி எண்ணில், "அரசுப் பள்ளி இடம், 100 விழுக்காடு உத்தரவாதம்" என்று தமிழ்க் குழுக்களில் மறுபடியும் விளம்பரம் அனுப்புகிறார்கள். இந்த ஆண்டுக்கான விண்ணப்பம் திறக்கப்போகிறது. அவர்களிடம் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இன்றைக்கே அமைச்சிடம் கேட்டு, பிள்ளையின் விண்ணப்பம் உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விண்ணப்பம் மூடுவதற்குள் நீங்களே போட்டுவிடுங்கள். பணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.