கோட்டையூரில் கியர் ஆயில் மாற்றிய கதை

இந்தத் தடவை ஊருக்குப் போனது பெரியப்பாவின் எண்பதாம் கல்யாணத்துக்கு. பன்னிரண்டு நாள் லீவு. அதில் மூன்று நாள் ஒரு காரின் கியர் பாக்ஸுக்கே போய்விட்டது. மலேசியாவில் கிளாங்கிலிருந்து டிக்கெட் போட்டு வந்து பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன் என்று பெரியம்மா இன்னும் போனில் சொல்லிச் சிரிக்கிறார்.

கார் பெரியப்பா மகனுடையது. எனக்கு ஏழு வயது மூத்த அண்ணன். 2002-இல் சென்னையில் வேலையில் இருந்தபோது வாங்கிய ஹோண்டா சிட்டி, அதிலும் 1.5 லிட்டர் விடெக் இன்ஜின். 106 குதிரைத்திறன், ஐந்து கியர். இன்றைக்கு அந்த எண் யாரையும் அசத்தாது. ஆனால் அந்தக் காலத்தில் நம் ஊர் ராலிக்காரர்கள் தேடி வாங்கிய வண்டி இது. உடம்பில் எடை கிடையாது, இன்ஜின் ஏறினால் ஏறிக்கொண்டே போகும். கோட்டையூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது இன்றும் ‘ரேஸ் கார்’தான். அண்ணனும் அதை அப்படித்தான் வைத்திருக்கிறார். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பித்து, சீட் துணி மாற்றி, வீட்டின் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பார்.

வந்த மறுநாள் காலை காரைக்குடிக்குப் பூ வாங்கப் போகும்போது நான் ஓட்டினேன். மார்கழிக் காலை, நல்ல குளிர். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தால் குச்சி பாதி வழியில் நின்றுவிட்டது. அமுக்கினால் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். மூன்றாவது பரவாயில்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குவது சுத்தமாக முடியவில்லை. காரைக்குடி போய்த் திரும்பி வருவதற்குள் சூடேறிக் கொஞ்சம் இளகியது.

“போன வருசத்துல இருந்து இப்படித்தான் தம்பி. ஆயில் மாத்துன பிறகுதான் கூடிப்போச்சு” என்றார் அண்ணன்.

எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. அந்த ஆயிலைச் சொன்னதே நான்.

நடந்தது இதுதான். போன வருடம் அண்ணன் போனில், கியர் கொஞ்சம் கனமாக இருக்கிறது என்றார். நான் கிளாங்கில் ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன், இரண்டு சீட்டுக்காரன். அதன் கியர் பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 என்ற ரக கியர் ஆயில், சுமார் இரண்டு லிட்டர். அங்கே மெக்கானிக்கைப் போமன் என்போம். என் போமன் அதை மாற்றிக் கொடுத்த அன்று கியர் வெண்ணெயில் கத்தி போனமாதிரி விழுந்தது. அந்த மப்பில் அண்ணனிடம், “75டபிள்யூ-90 போடுங்கண்ணே, ரெண்டு லிட்டர்” என்று பெரிய மனுஷனாகச் சொல்லிவிட்டேன். அவர் போன பட்டறையில் 75 இல்லை. 80டபிள்யூ-90 இருந்தது, டின்னில் ஜிஎல்-5 என்று போட்டிருந்தது. தொண்ணூறுக்குத் தொண்ணூறு சரிதானே என்று ஊற்றிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அண்ணனும் அவர்களும் யாருமே வண்டியின் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

சரி, இப்போது யாரிடம் காட்டுவது? முதலில் போனது பெரிய ஷெட் போட்ட ஓர் இடம். பெயர் வேண்டாம். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், “சிங்க்ரோ போச்சு சார், கியர் பாக்ஸை இறக்கணும், இருபத்தஞ்சு ஆகும்” என்றார்கள். இருபத்தஞ்சு என்றால் இருபத்தைந்தாயிரம் ரூபாய். வெளிநாட்டுச் சட்டையைப் பார்த்ததும் ஒரு ஐந்து ஏறியிருக்கும் என்பது என் கணக்கு.

இரண்டாவதாக, அண்ணனின் மைத்துனர் சொல்லி, தேவகோட்டை ரோட்டில் வேப்பமரத்தடிப் பட்டறை ஒன்றுக்குப் போனோம். ஒரு பள்ளம், இரண்டு பையன்கள், ஐம்பது வயது மெக்கானிக். அவர் முதலில் செய்தது வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தது. இறங்கியதும் கேட்டார்: “சூடானா சரியாகுதுல்ல? அப்ப இறக்க வேண்டாம். என்ன ஆயில் கிடக்குது?” சொன்னோம். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. “புத்தகம் இருக்காண்ணே?”

இருந்தது. இன்சூரன்ஸ் தாள்களுக்கு அடியில், பிளாஸ்டிக் உறை கிழியாமல். கியர் பாக்ஸுக்கு ஹோண்டா எம்டிஎஃப் என்றே போட்டிருந்தது, அதாவது ஹோண்டாவின் சொந்தக் கியர் பாக்ஸ் எண்ணெய். கிடைக்காவிட்டால் தற்காலிகமாக 10டபிள்யூ-30 இன்ஜின் ஆயில் ஊற்றலாம், ஆனால் அதில் வேண்டிய சேர்மானம் இல்லாததால் சீக்கிரம் மாற்றிவிடு என்றும் எழுதியிருந்தது. ஆக, அந்தக் கியர் பாக்ஸ் கேட்பது இன்ஜின் ஆயில் அளவுக்கு மெல்லிய எண்ணெய். நாங்கள் ஊற்றியது அதைவிட நன்றாகக் கெட்டியான சரக்கு. இன்ஜின் ஆயில் எண்ணும் கியர் ஆயில் எண்ணும் வேறு வேறு அளவுகோல் என்பதால், கியர் ஆயிலின் 90 என்பது ஏறக்குறைய இன்ஜின் ஆயிலின் 40, 50-க்குச் சமம். அப்படியே வைத்துக்கொண்டாலும் 30-க்குப் பக்கத்தில் வராது.

எனக்குப் புரிந்தவரை இதைச் சொல்கிறேன். ஓடுகிற பஸ்ஸில் ஏறுபவன் என்ன செய்வான்? கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸின் வேகத்துக்குக் கூடவே ஓடுவான், வேகம் ஒன்றானதும் படியில் கால் வைப்பான். கியர் பாக்ஸுக்குள் சிங்க்ரோ வளையம் செய்வது அந்த வேலைதான். பித்தளை வளையம் கியரின் கூம்பைப் பிடித்து உரசி, இரண்டு வேகத்தையும் ஒன்றாக்கும். அப்புறம்தான் பல் விழும். எண்ணெய் கெட்டியாக இருந்தால் நடுவிலிருந்து சீக்கிரம் விலகாது, வளையத்துக்குப் பிடி கிடைக்காது. குளிரில் இன்னும் மோசம். ஜிஎல்-5 எண்ணெயில் வேறொரு சங்கதியும் உண்டு. அது லாரி, ஜீப் மாதிரி வண்டிகளின் பின் அச்சில் இருக்கும் கிரவுன் பினியனுக்காகச் செய்தது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு பயங்கர அழுத்தத்தில் ஓடும் இடம் அது. அதற்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் கூடுதலாகச் சேர்ப்பார்கள். சிங்க்ரோவுக்கு உரசல் வேண்டும், இதுவோ வழுக்கலைக் கொடுக்கும். சில சேர்மானங்கள் நாளாவட்டத்தில் பித்தளையையும் அரிக்கும். முன்சக்கரம் இழுக்கிற சிட்டியில், இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் கியர் பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அது கிரவுன் பினியன் வகை இல்லை. அதற்கு இந்த மருந்தே தேவையில்லை.

எண்ணெய் தேடியதுதான் பெரிய வேலை. காரைக்குடி ஸ்பேர்ஸ் கடைகளில் கேட்டால் எல்லாரும் 90 ஆயில்தான் எடுத்து நீட்டினார்கள். கடைசியில் மெக்கானிக்கே திருச்சியில் ஒரு கடைக்குப் போன் போட்டார். நாலு லிட்டர் எம்டிஎஃப், கூடவே இரண்டு செட் அலுமினிய வாஷர். பணம் ஜிபேயில் அனுப்பச் சொன்னார்கள். என்னிடம் மலேசியக் கார்டு, மலேசிய நம்பர், ஜிபே கிடையாது. டீக்கடை முதல் கோயில் அர்ச்சனைச் சீட்டு வரை இந்தப் பயணத்தில் எனக்கு இதே தொல்லை. அண்ணன் அனுப்பினார், நான் அவர் கையில் நோட்டாகக் கொடுத்தேன். வெளியே இருந்து வருகிறவர்கள் சில்லறையும் ஒரு அண்ணனும் வைத்துக்கொள்வது நல்லது. பார்சல் அன்று சாயங்காலமே பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் நம்பரை வாங்கிக்கொண்டு காரைக்குடிப் புது பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அட்டைப்பெட்டியை நீட்டினார், கையெழுத்து எதுவும் கேட்கவில்லை. திருச்சியிலிருந்து அதே நாளில் கைக்கு வந்துவிட்டது. கிளாங்கில் ஒரு வாஷருக்கு நான் ஒரு வாரம் காத்திருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை வண்டியைச் சூடாக்கவே பத்து கிலோமீட்டர் ஓட்டச் சொன்னார். சூடான எண்ணெய்தான் அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். பள்ளத்தின் மேல் நிறுத்தியதும் பையன் நேராக அடி நட்டுக்குப் போனான். ஒரு அதட்டல். “மேல உள்ளத முதல்ல கழட்டுடா!” எண்ணெய் ஊற்றும் நட்டு துருப்பிடித்துக் கழல மறுத்தால், கீழே வடித்துவிட்ட வண்டி அங்கேயே படுத்துக்கொள்ளும். அதனால் ஊற்றும் வழி திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வடிக்க வேண்டும். பக்கவாட்டு நட்டு 17 ஸ்பேனரில் முனகிக்கொண்டு வந்தது. அடி நட்டில் சதுரக் குழி, அதில் மூன்றெட்டு (3/8 அங்குல) ராட்செட்டை நேராகச் செருகிக் கழற்றினார்.

எண்ணெய் தேன் மாதிரி இழை இழையாக இறங்கியது, அப்படியொரு நாற்றம். அழுகின முட்டைக்கும் வெடிமருந்துக்கும் நடுவில். நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் களிம்பு ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தார், துகள் எதுவும் தட்டுப்படவில்லை. “மாவாத்தான் இருக்கு, நல்லது. சில்லு சில்லா வந்தாத்தான் பயம்” என்றார். முழுதாக வடிய அரை மணி நேரம் விட்டார். அதற்குள் பையன் டீயும் வெள்ளைப் பணியாரமும் வாங்கி வந்தான். அந்தக் காரச் சட்னிக்கு நான் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.

புது வாஷர் போட்டு அடி நட்டை இறுக்கும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இறுக்க வேண்டிய அளவு 39 நியூட்டன் மீட்டர் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையாலேயே முடுக்கினார், பிறகு உள்ளே போய்த் துணியில் சுற்றி வைத்திருந்த டார்க் ரென்ச்சை, வைத்த இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் ஸ்பேனரை, எடுத்து வந்து 39-இல் வைத்தார். அசைவதற்குள் ‘டக்’ என்றது. “அலுமினிய உடம்பு தம்பி. மரை போச்சுன்னா லேத்துக்குத்தான் தூக்கணும். இருபத்தெட்டு வருசமா கைக்குத் தெரியும்” என்றார். அதுவரை ‘சார்’, அங்கிருந்து ‘தம்பி’.

ஊற்றுவதற்குப் புனலும் ஒரு முழம் ஓஸும். பக்கவாட்டு ஓட்டை வழியே மெல்ல நூல்போல் வழிகிற வரை ஊற்ற வேண்டும், அதுதான் அளவு. வண்டி சமமாக நிற்க வேண்டும் என்று தண்ணீர் மட்டக் குழாய் வைத்துப் பார்த்தார். இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே போனது.

ஓட்டிப் பார்த்தால்? இரண்டாவது கியர் விழுந்தது. முழங்கையே போட வேண்டியிருந்த இடத்தில் இரண்டு விரல் போதுமாக இருந்தது. அண்ணன் பள்ளத்தூர் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பினார். ஆனால் பொய் சொல்லக் கூடாது. இன்ஜினை 5,000 சுற்றுக்கு மேல் இழுத்து வேகமாக இரண்டாவது போட்டால் இன்னமும் லேசாக ஒரு முனகல் இருக்கிறது. வளையம் ஒரு வருடத்தில் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. “அது போகாது, சொகுசா ஓட்டுங்க, நாள் தாங்கும்” என்றார் மெக்கானிக். மூலையில் தங்கியிருக்கும் பழைய எண்ணெயும் வெளியே வரட்டும் என்று, கல்யாணம் முடிந்த மறுநாள் மீதி இரண்டு லிட்டரையும் ஊற்றி மறுபடி மாற்றினோம். நாலு லிட்டர் வாங்கச் சொன்னது அதற்காகத்தான். இரண்டாவது முறை வடிந்ததில் நாற்றம் பாதியாகக் குறைந்திருந்தது. காலையில் எடுத்தவுடனே இரண்டாவது விழுகிறது.

கூலி இரண்டு தடவைக்கும் சேர்த்து 800 ரூபாய். நான் ஆயிரமாகக் கொடுத்தேன், இருநூறைப் பையன்களிடம் கொடுக்கச் சொல்லித் திருப்பிவிட்டார்.

திரும்பும் நாள் அண்ணன்தான் அதே காரில் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். திருமயம் கோட்டையைத் தாண்டி ஒரு வேகத்தடையில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிக் காட்டி என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். புதுக்கோட்டை வருவதற்குள் கேட்டார்:

“ஆமா தம்பி, பிரேக் ஆயிலும் மாத்தணும். என்ன நம்பர் போடலாம்?”

“புத்தகத்தைப் பாருங்கண்ணே” என்றேன்.